மருத்துவ ஆங்கிலத்துக்கும் உண்டு பகுபத உறுப்பிலக்கணம்!

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த மாணவர் எம்.பி.பி.எஸ். வகுப்பில் போய் உட்கார்ந்ததும் முதலில் தடுக்குவது பாடம் அல்ல, சொல். இதயம் எப்படித் துடிக்கிறது, சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்பதெல்லாம் அவருக்கு நன்றாகவே தெரியும். அதே செய்தியைப் பேராசிரியர் வேறு பெயர்களில் சொல்லும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடம் போல ஆகிவிடுகிறது.

இப்படிப்பட்ட மாணவர்கள் இப்போது நிறையப் பேர். நீட் தேர்வைத் தமிழில் எழுதும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றி, 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கியது. நுழைவுத் தேர்வு வரை தமிழ் போதும். உள்ளே போன பிறகு புத்தகம், வகுப்பு, தேர்வு, கேஸ் ஷீட் எல்லாம் ஆங்கிலம். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் மொழிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 40 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அடுத்துவரும் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி ஆகிய மூன்றையும் சமாளிக்க அது மட்டும் போதாது.

நான் டாக்டர் அல்ல, சாப்ட்வேர் இன்ஜினியர். என் சித்தி மகள் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தாள். "அண்ணே, பாடம் புரியுது. சொல்லுதான் வாயில நுழைய மாட்டேங்குது. ஒரு பக்கம் படிக்க ரெண்டு மணி நேரம் ஆகுது" என்றாள். இரண்டு மணி நேரத்தில் முக்கால்வாசி டிக்‌ஷனரியைப் புரட்டுவதிலேயே போய்க்கொண்டிருந்தது. அவளுக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரு ரூபாய் செலவில்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் மருத்துவம், நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் என எதைப் படிப்பவர் இருந்தாலும் இது பயன்படும்.

ஒரு குறிப்பு. படிக்க வசதியாகச் சொற்களின் ஒலியை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் கம்ப்யூட்டரில் டைப் செய்யும்போது கட்டாயம் ஆங்கில எழுத்திலேயே, சரியான ஸ்பெல்லிங்குடன் டைப் செய்யுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இது ஆங்கிலமே அல்ல

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கம், லத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த மாணவருக்கும் 'கோலிசிஸ்டெக்டமி' புதுச் சொல்தான். ஒரு காலத்தில் உடலின் ஒரே உறுப்பை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயரால் அழைத்தார்கள். 1895-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்று அறிஞர்கள் கூடி, லத்தீன் பெயர்களை ஒழுங்குபடுத்திப் பொதுப் பட்டியல் ஒன்றை ஏற்றார்கள். எங்கள் துறை மொழியில் சொன்னால், எல்லோரும் ஒரே ஸ்டாண்டர்டுக்கு வந்தார்கள்.

ஒழுங்குபடுத்திய எதையும் பிரித்துப் பார்க்கலாம். நாம் பள்ளியில் நன்னூல் வழியில் 'பகுபத உறுப்பிலக்கணம் தருக' என்ற கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்போம்! பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகள். அதே வேலையை மருத்துவச் சொல்லுக்கும் செய்யலாம். அங்கே மூன்று உறுப்புகளே முக்கியம்: முன்னால் வரும் ஒட்டு, நடுவில் பகுதி, கடைசியில் விகுதி.

இவற்றை இணைக்கச் சாரியை போல ஓர் 'ஓ' வரும். தமிழில் உயிரும் உயிரும் சந்தித்தால் நாம் ய், வ் என்ற உடம்படுமெய் போடுகிறோம் அல்லவா? அங்கே மெய்யும் மெய்யும் சந்தித்தால் 'ஓ' என்ற உயிரைப் போடுகிறார்கள். காஸ்ட்ர் என்றால் இரைப்பை. அதனுடன் ஸ்கோப்பி சேர்ந்தால் காஸ்ட்ரோஸ்கோப்பி. விகுதி உயிரில் தொடங்கினால் 'ஓ' தேவையில்லை: காஸ்ட்ர் + ஐடிஸ் = காஸ்ட்ரைடிஸ். இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து வந்தால் மட்டும், பின்னது உயிரில் தொடங்கினாலும் பெரும்பாலும் 'ஓ' நிற்கும்: காஸ்ட்ரோ என்டரைடிஸ்.

முதல் வாரத்துக்கு 34 உறுப்புகள்

பகுதிகள் 14: கார்டி (இதயம்), ஹீம் (இரத்தம்), ஹெபட் (கல்லீரல்), நெஃப்ர் (சிறுநீரகம்), காஸ்ட்ர் (இரைப்பை), என்டர் (குடல்), கோலி (பித்தம்), சிஸ்ட் (பை), நியூர் (நரம்பு), ஆஸ்டி (எலும்பு), ஆர்த்ர் (மூட்டு), மயோ (தசை), டெர்ம் (தோல்), கிளைக் (சர்க்கரை).

விகுதிகள் 10: ஐடிஸ் (அழற்சி), எக்டமி (வெட்டி நீக்குதல்), ஒட்டமி (வெட்டித் திறத்தல்), ஒஸ்டமி (புதிதாக வாய் ஏற்படுத்துதல்), ஸ்கோப்பி (கருவி விட்டுப் பார்த்தல்), ஏல்ஜியா (வலி), மெகலி (அளவில் பெருத்தல்), ஈமியா (இரத்த நிலை), யூரியா (சிறுநீர் நிலை), பதி (நோய்).

முன் ஒட்டுகள் 10: ஹைப்பர் (அதிகம்), ஹைப்போ (குறைவு), டாக்கி (வேகம்), பிராடி (மெது), டிஸ் (கோளாறு, சிரமம்), அன் (இன்மை), பாலி (பல, மிகுதி), பெரி (சுற்றி), எண்டோ (உள்ளே), எபி (மேலே).

இப்போது முதலில் சொன்ன கோலிசிஸ்டெக்டமியைப் பிரியுங்கள். கோலி + சிஸ்ட் + எக்டமி. பித்தம் + பை + வெட்டி நீக்குதல். பித்தப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை! தமிழில் 'பித்தப்பை' என்று நாம் ஒட்டியிருப்பது போலவே அவர்களும் ஒட்டியிருக்கிறார்கள். அதேபோல் ஹெபடோமெகலி என்றால் கல்லீரல் பெருத்தல், ஆர்த்ரால்ஜியா என்றால் மூட்டு வலி, பாலியூரியா என்றால் சிறுநீர் மிகுதியாகப் போவது. ஈசாஃபகோ காஸ்ட்ரோ டுவோடினோ ஸ்கோப்பி என்ற ரயில் வண்டி நீளச் சொல்லும் பயமுறுத்தாது. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் மூன்றையும் கருவி விட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான்.

எக்டமி, ஒட்டமி, ஒஸ்டமி மூன்றும் முதலில் குழப்பும். கிரேக்கத்தில் 'டோம்' என்றால் வெட்டு. ஆட்டம் என்பது வெட்ட முடியாதது (நம் அணு). அனாடமி என்பது வெட்டி ஆராய்வது. எக்டமியில் 'எக்' என்றால் வெளியே, ஆகவே வெட்டி வெளியே எடுப்பது. 'ஸ்டோமா' என்றால் வாய். பிளஸ் டூ தாவரவியலில் இலையின் வாய்க்கு ஸ்டோமாட்டா என்று படித்தோமே, அதே சொல். கொலோஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய் ஏற்படுத்துவது.

தமிழ் வழி மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை

எங்கள் முதல் வேலை, தங்கையின் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை எடுத்து அதில் தமிழ் எழுத்தில் அச்சான கிரேக்கச் சொற்களை அடிக்கோடிடுவதாக இருந்தது. நெஃப்ரான், நியூரான், ஹீமோகுளோபின், பெரிகார்டியம், எபிடெர்மிஸ் என வரிசையாகக் கிடைத்தன. இந்த ஐந்து சொற்களில் மட்டும் மேலே சொன்ன பட்டியலின் ஏழு உறுப்புகள் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்: நெஃப்ர், நியூர், ஹீம், பெரி, கார்டி, எபி, டெர்ம்.

நம் ஊர் மக்களின் வாயிலும் இவை உண்டு. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எண்டாஸ்கோப்பி பார்த்தார்கள், பயாப்சிக்கு அனுப்பினார்கள், அனீமியா இருக்கிறது என்று படிக்காத பாட்டியும் சொல்வார். ஆக, பூஜ்யத்திலிருந்து யாரும் தொடங்கவில்லை.

ஸ்ப்ரெட்ஷீட் தயாரிப்போம்

இனி கம்ப்யூட்டர் வேலை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகியவற்றில் எதையும் பயன்படுத்தலாம். புதிய பைல் திறந்து மூன்று காலம்களை வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் காலத்தில் சொல்லை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும்.
2. இரண்டாம் காலத்தில் பிரிப்பையும் தமிழ்ப் பொருளையும் யூனிகோடு தமிழில் டைப் செய்யவும்.
3. மூன்றாம் காலத்தில் அந்தச் சொல் எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்பதை ஒரே சொல்லில் தரவும். இதயம், குடல், நரம்பு என்பது போல. இதைப் பின்னால் டேக் ஆகப் பயன்படுத்துவோம்.

வகுப்பில் கேட்ட சொல், புத்தகத்தில் தடுக்கிய சொல் எதுவானாலும் அன்றன்றே இதில் சேர்த்துவிட வேண்டும். மற்றவர் தயாரித்த ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பட்டியல்கள் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன. தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள். ஒரு சொல்லைத் தானே பிரித்து, தானே தமிழில் எழுதும்போதே பாதி மனப்பாடம் ஆகிவிடுகிறது.

இப்போது பைலை சி.எஸ்.வி. ஆகச் சேவ் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேவ் செய்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடலாம். எக்செல்லில் சேவ் ஆஸ் கொடுத்து 'சி.எஸ்.வி. யு.டி.எப்.-8' என்ற வகையைத் தேர்வு செய்யவும். லிப்ரே ஆபீஸில் 'டெக்ஸ்ட் சி.எஸ்.வி.' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். அதில் கேரக்டர் செட் என்ற இடத்தில் 'யூனிகோடு யு.டி.எப்.-8' இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுக்கவும்.

ஆங்கியில் ஏற்றுவோம்

ஒரு முறை படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-ல் வெளியிட்டார். மறக்கப் போகும் நேரத்தில் மறுபடி நினைவுபடுத்தினால், அடுத்த முறை மறக்க நீண்ட நாள் ஆகும். இந்த நாள் கணக்கை நமக்காகப் பார்த்துக்கொள்ளும் சாப்ட்வேர்தான் ஆங்கி. ஜப்பானிய மொழியில் இதற்கு மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டார். விண்டோஸ், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கு இலவசம். ஆண்ட்ராய்டு போனுக்கு ஆங்கிடிராய்டு என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐபோனுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். இதே போன்ற பெயரில் வேறு ஆப்களும் உலவுகின்றன, பெயரைச் சரிபார்த்து டவுன்லோட் செய்யவும்.

1. ஆங்கியைத் திறந்து கீழே உள்ள 'கிரியேட் டெக்' பட்டனைக் கிளிக் செய்து டெக்குக்கு ஒரு பெயர் தரவும்.
2. பைல் மெனுவில் 'இம்போர்ட்' கிளிக் செய்து நம் சி.எஸ்.வி. பைலைத் தேர்வு செய்யவும்.
3. தோன்றும் திரையில் நோட் டைப் என்ற இடத்தில் 'பேசிக் அண்டு ரிவர்ஸ்டு கார்டு' என்பதைத் தேர்வு செய்யவும். இது முக்கியம். இதனால் ஒரே சொல்லுக்கு இரண்டு அட்டைகள் உருவாகும். ஒன்று மருத்துவச் சொல்லைக் காட்டித் தமிழைக் கேட்கும். மற்றது தமிழைக் காட்டி மருத்துவச் சொல்லைக் கேட்கும்.
4. முதல் காலம் ஃப்ரன்ட், இரண்டாம் காலம் பேக், மூன்றாம் காலம் டேக்ஸ் எனப் பொருத்திவிட்டு இம்போர்ட் பட்டனை அழுத்தவும்.
5. டெக்கின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியை கிளிக் செய்து ஆப்ஷன்ஸ் போகவும். ஒரு நாளைக்கு 20 புது அட்டைகள் என்று இருக்கும். அதை 10 ஆகக் குறைக்கவும்.

ஏன் குறைக்க வேண்டும்? இன்று பார்க்கும் புது அட்டை நாளையும், சில நாள் கழித்தும், சில வாரம் கழித்தும் திரும்பி வரும். தினம் 10 புது அட்டை என்றால் சில வாரங்களில் மறுபார்வைக்கு மட்டும் தினம் 100 வரை சேர்ந்துவிடும். அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு அது. ஒரு சொல்லுக்கு இரண்டு அட்டை என்பதால் 10 அட்டை என்றால் 5 சொற்கள். மேலே கொடுத்த 34 உறுப்புகளும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மாதம் 150 சொற்கள். கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் உறுப்புகள் மனதில் ஏறிய பிறகு, அட்டையில் இல்லாத சொற்களையும் நீங்களே பிரித்துப் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

விடையைப் பார்த்த பிறகு அகைன், ஹார்டு, குட், ஈசி என நான்கு பட்டன்கள் வரும். தெரியாவிட்டால் தயங்காமல் அகைன். 'கிட்டத்தட்டத் தெரியும்' என்று குட் அழுத்தினால், ஏமாறுவது ஆங்கி அல்ல, நாம்தான்.

காதுக்கும் வாய்க்கும் பயிற்சி

சொல்லைக் கண்ணால் மட்டும் படித்தால் வார்டில் பேராசிரியர் சொல்லும்போது காதில் விழாது. மெரியம் வெப்ஸ்டர் இணையதளத்தின் மருத்துவ அகராதியில் சொல்லின் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கும். கிளிக் செய்தால் உச்சரிப்பைக் கேட்கலாம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன் பிளஸ் தளத்தில், மருத்துவச் சொற்களைப் பிரித்துக் கற்றுத்தரும் பாடமே இலவசமாக இருக்கிறது. மைக்ரோசாப்ட் எட்ஜ் பிரவுசரில் பி.டி.எப். புத்தகத்தைத் திறந்து 'ரீட் அலவுட்' கொடுத்தால் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டும். அபூர்வச் சொற்களை அது சில சமயம் தவறாக உச்சரிக்கும், ஐயம் வந்தால் அகராதியைக் கேளுங்கள்.

கேட்டால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். ஆங்கியில் அட்டை சேர்க்கும் திரையில் மைக் படத்தைக் கிளிக் செய்து உங்கள் குரலையே பதிவு செய்யலாம். வாய்விட்டுச் சொல்லாத சொல் வைவாவில் வராது.

ஸ்பெல்லிங்கில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஒலிக்காத எழுத்து. நிமோனியாவை அகராதியில் என் எழுத்தில் தேடினால் கிடைக்காது, அது பி எழுத்தில் தொடங்குகிறது. கண் இமை தொங்குவதற்கு டோசிஸ் என்பார்கள், அதற்கும் முதலில் ஒலிக்காத ஒரு பி உண்டு. இரண்டாவது, பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடு. உணவுக்குழாயை பிரிட்டிஷ் புத்தகம் ஓ எழுத்தில் தொடங்கும், அமெரிக்கப் புத்தகம் ஈ எழுத்தில் தொடங்கும். பி.டி.எப். புத்தகத்தில் கன்ட்ரோல் எப் அழுத்தித் தேடும்போது முதல் ஓ எழுத்தை விட்டுவிட்டு ஈ-யிலிருந்து டைப் செய்யுங்கள். இரண்டு வகைப் புத்தகத்திலும் கிடைத்துவிடும்.

குழப்பும் இரட்டையர்கள்

சில சொற்கள் மயிரிழையில் வேறுபடும். சாதாரண ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறினால் சிரிப்பார்கள், இங்கே சிகிச்சையே மாறிவிடும்.

ஹைப்போகிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது, உடனே சர்க்கரை தர வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்றால் கூடிவிட்டது, இன்சுலின் தேவைப்படலாம். ஒன்றுக்குத் தருவது மற்றதற்கு ஆபத்து. நினைவில் வைக்க ஒரு வழி: 'போ' வந்தால் குறைந்து போச்சு, 'பர்' வந்தால் பெருகிப் போச்சு.

இலியம் என்ற சொல் இரண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதி ஒன்று, இடுப்பு எலும்பு மற்றொன்று. ஒலி ஒன்றே. தமிழில் எழுதினாலும் ஒன்றே. ஆங்கில ஸ்பெல்லிங்கில் நடு எழுத்து மட்டும் வேறு. ஐ இருந்தால் இடுப்பு, ஈ இருந்தால் என்டர், அதாவது குடல். அட்டையில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம். டிஸ்ஃபேசியா என்றால் மொழியைப் பேசுவதில், புரிந்துகொள்வதில் சிரமம். முன்னது உணவுக்குழாய்க் கோளாறாக இருக்கலாம், பின்னது மூளை தொடர்பானது. அப்டக்‌ஷன் என்றால் கை கால் உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகுவது, அடக்‌ஷன் என்றால் நெருங்குவது. மருத்துவர்களே இவற்றை 'ஏ-பி டக்‌ஷன்', 'ஏ-டி டக்‌ஷன்' என்று எழுத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அவர்களே அப்படிச் செய்யும்போது நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. இத்தகைய இரட்டையர்களை ஒரே அட்டையில் ஜோடியாகப் போட்டு, வேறுபாட்டைக் கேள்வியாக்குங்கள்.

சுருக்கெழுத்தும் அப்படித்தான். ஓ.டி. என்றால் மருந்துச் சீட்டில் தினம் ஒரு வேளை, கண் மருத்துவத்தில் வலது கண். இன்சுலின் யூனிட்டுக்கு 'யூ' என்று ஒற்றை எழுத்து போட்டால் அதைப் பூஜ்யமாகப் படித்து 10 யூனிட் 100 ஆகிவிடக்கூடும். அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் தடை செய்த சுருக்கங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

தெரிந்த சொல், தெரியாத பொருள்

கிரேக்கச் சொல்லைவிட ஆபத்தானது நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல். தெரியாத சொல்லை அகராதியில் தேடுவோம், தெரிந்ததைத் தேடமாட்டோம் அல்லவா? அக்யூட் என்றால் கடுமை என்று நினைப்போம், மருத்துவத்தில் அது திடீரெனத் தொடங்கியது என்பதையே முதன்மையாகக் குறிக்கும். கிரானிக் என்றால் மோசமானது அல்ல, நெடுநாளாக இருப்பது. டெண்டர் என்றால் தொட்டால் வலிப்பது. கம்ப்ளைன்ட் என்றால் புகார் அல்ல, நோயாளி சொல்லும் தொல்லை. அன்ரிமார்க்கபிள் என்றால் குறை எதுவும் தென்படவில்லை. பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தி அல்ல. இவற்றுக்கு மட்டும் தனி டேக் கொடுத்து வையுங்கள்.

நோயாளியின் தமிழும் ஒரு பாடம்

இதுவரை சொன்னது பாதி வேலை. மீதிப் பாதியில் தமிழ் வழி மாணவருக்கே கை ஓங்கியிருக்கிறது. வார்டில் படுத்திருக்கும் பெரியவர் கிரேக்கம் பேசமாட்டார். "மூச்சு வாங்குது, தம்பி" என்பார். அது டிஸ்ப்னியா. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றால் பால்பிட்டேஷன். "வயித்தால போகுது" என்றால் டயரியா. "நீர்க்கடுப்பா இருக்கு" என்றால் டிஸ்யூரியா. "கை மரத்துப் போச்சு" என்றால் நம்னஸ். "தள்ளிப் போயிருக்கு" என்று ஒரு பெண் தயங்கிச் சொன்னால் அதை ஊரில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

எல்லாச் சொல்லும் இப்படி ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. மயக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். தலை சுற்றுவதையும் மயக்கம் என்பார்கள், நினைவு தப்பி விழுந்ததையும் மயக்கம் என்பார்கள், உடம்பு அசதியாக இருப்பதையும் மயக்கம் என்பார்கள். மாணவர் கேஸ் ஷீட்டில் வெர்டைகோ என்று எழுதுவதா, சிங்கோப்பி என்று எழுதுவதா? இரவுப் பணிக்கு வரும் டாக்டர் அந்த ஆங்கிலச் சொல்லை மட்டுமே பார்ப்பார். நினைவு தப்பியவருக்கு இதயத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும், அங்கே 'தலைச்சுற்றல்' என்று எழுதியிருந்தால் பார்வை வேறு பக்கம் போய்விடும். ஆகவே இந்த அட்டையின் பின்பக்கம் விடைக்குப் பதில் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னேன். "நீங்க சுத்துறீங்களா, ரூம் சுத்துதா? விழுந்தது ஞாபகம் இருக்கா? எழுந்து நிக்கும்போதா, படுத்திருக்கும்போதும் வருதா?" சளி, கடுப்பு, இளைப்பு என இப்படிப் பல சொற்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்காது, நீங்களே சேர்க்க வேண்டும்.

தமிழில் மருத்துவம் கற்பித்த காலமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே பாடம் நடத்தினார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் பெயர்த்தும் தந்தார். இன்றைய கேஸ் ஷீட் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. என்றாலும் அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் முதலில் ஒரு தமிழரின் வாயிலிருந்து வருகிறது. அதைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கே சரியாக எழுதவும் வரும்.

கேஸ் ஷீட்டின் ஆங்கில இலக்கணமும் பெரிய மலை இல்லை. 'பேஷன்ட் வாஸ் அப்பாரன்ட்லி நார்மல்' என்று தொடங்கும் வரி உட்பட, திரும்பத் திரும்ப வருபவை சுமார் 20 வாக்கிய அமைப்புகள். சீனியர்களின் ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு, ஆங்கியின் 'குளோஸ்' வகை அட்டையில் ஒரு சொல்லை மறைத்துப் பயிற்சி செய்யலாம்.

சில எச்சரிக்கைகள்

• பிரித்தால் வரும் பொருள் எப்போதும் முழுப் பொருள் ஆகாது. அனீமியா என்றால் சொல்லளவில் இரத்தமின்மை, உண்மையில் சிவப்பணுக்களோ ஹீமோகுளோபினோ குறைந்த நிலை. ஓமா என்று முடிந்தால் கட்டி என்பார்கள், ஆனால் கிளாக்கோமா கட்டி அல்ல, கண் நோய். பிரித்து ஊகியுங்கள், பிறகு புத்தகத்தில் உறுதி செய்யுங்கள்.
• பெமர், பட்டெல்லா போன்றவை பகாப்பதங்கள். அவற்றைப் படத்துடன்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அட்டையில் படத்தை காப்பி, பேஸ்ட் செய்யலாம்.
• சாட் ஜி.பி.டி. போன்ற ஏ.ஐ. கருவிகளிடம் சொல்லைப் பிரித்துத் தரச் சொல்லலாம். ஆனால் அவை தவறையும் தயங்காமல் சொல்லும். அகராதியில் சரிபார்க்காமல் அட்டையில் ஏற்ற வேண்டாம், தவறும் நன்றாக மனப்பாடம் ஆகிவிடும்.
• வார்டில் கேட்ட தமிழ்ச் சொற்களைச் சேர்க்கும்போது நோயாளியின் பெயர், படுக்கை எண், போட்டோ எதுவும் உங்கள் போனிலோ அட்டையிலோ இருக்கக் கூடாது.
• ஆங்கிவெப் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி 'சிங்க்' கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்ததை ஹாஸ்டலில் போனில் படிக்கலாம், கம்ப்யூட்டர் பழுதானாலும் உழைப்பு வீணாகாது.

இன்றே 10 சொற்கள்

இந்த இதழை மூடி வைப்பதற்கு முன் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, மேலே உள்ள பட்டியலிலிருந்து 10 உறுப்புகளை டைப் செய்துவிடுங்கள். பிறகு அவற்றை மட்டும் வைத்து எத்தனை சொற்கள் செய்ய முடிகிறது என்று எழுதி, மெரியம் வெப்ஸ்டர் மருத்துவ அகராதியில் தேடிப் பாருங்கள். இருக்கும் சொற்களுக்கு டிக், இல்லாதவற்றுக்கு கிராஸ். வீட்டில் மருத்துவ மாணவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டையோ அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியையோ எடுத்து அதிலுள்ள ஒரு நீளச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மருத்துவ முடிவை டாக்டரிடம் விட்டுவிடுவோம். அடுத்த முறை அவர் முன் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்கும்.